காலையில் ஏறும் சர்க்கரை: தட்டில் எதை வைப்பது?

ராத்திரி படுக்கப் போகும் முன் பார்த்தபோது 118. இடையில் ஒரு வாய் தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லை. காலையில் எழுந்து விரலில் குத்திப் பார்த்தால் 146. சாப்பிடாமலே சர்க்கரை எப்படி ஏறும்? சர்க்கரை நோய் வந்த புதிதில் பலரும் திகைத்துப் போய்க் கேட்கும் கேள்வி இது. சிலர் மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். சிலர் முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டில் குற்றம் தேடுகிறார்கள். இன்னும் சிலர், ஏற்கெனவே 146 இருக்கும்போது மேலே எதற்குச் சாப்பிடுவது என்று காலை உணவையே விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இந்த மூன்றாவது முடிவுதான்.

காலை உணவு என்றதும் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்ற பட்டியலில்தான் பேச்சு தொடங்குகிறது. அந்தப் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முரண்படும். ஒன்றில் ஓட்ஸ் அமுதம், இன்னொன்றில் அதுவே விஷம். ஒன்றில் வாழைப்பழம் கூடவே கூடாது, மற்றொன்றில் தினம் ஒன்று. இப்படி அலைக்கழிவதைவிட, விடியற்காலையில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் தட்டில் எதை வைப்பது என்பதைப் பெரும்பாலும் நாமே முடிவு செய்துவிடலாம்.

விடியும் முன்பே தொடங்கும் வேலை

நாம் தூங்கினாலும் மூளை தூங்குவதில்லை. அதற்கு இரவு முழுக்க குளுக்கோஸ் வேண்டும். அதைக் கொடுப்பது கல்லீரல். பகலில் சேர்த்து வைத்த கிளைக்கோஜனை உடைத்தும், புதிதாகக் குளுக்கோஸைத் தயாரித்தும் ரத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். அதிகாலை 3 மணிக்கு மேல் உடம்பு விழிப்புக்குத் தயாராகிறது. கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவற்றின் தாக்கம் அந்த நேரத்தில் கூடுகிறது. கல்லீரல் விடும் குளுக்கோஸும் கூடுகிறது. கூடவே இன்சுலினுக்கு உடம்பு கட்டுப்படுவது குறைகிறது.

சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் இதெல்லாம் நடக்கத்தான் செய்கிறது. அவருடைய கணையம் கொஞ்சம் கூடுதலாக இன்சுலின் சுரந்து கணக்கை நேர் செய்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவரின் கணையத்தால் அப்படி ஈடுகொடுக்க முடிவதில்லை. அதனால்தான் சாப்பிடாமலே ஏற்றம். 'டான் பினாமினன்' என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். விடியல் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம். இது ராத்திரி செய்த தப்புக்குத் தண்டனை இல்லை, உடம்பின் கடிகாரம் செய்யும் வேலை.

இன்னொரு விளக்கமும் வெகுகாலமாகச் சொல்லப்படுகிறது. நடு இரவில் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோய், உடம்பு பதறி எதிர் ஹார்மோன்களைச் சுரந்து, காலையில் அது எகிறி நிற்கும் என்பது அது. 1930களில் இதைச் சொன்ன மைக்கேல் சொமோகியின் பெயராலேயே அது அறியப்படுகிறது. தொடர்ச்சியாக அளக்கும் சென்சார்கள் வந்த பிறகு, காலை ஏற்றத்துக்கு இது பொதுவான காரணம் இல்லை என்பது தெரியவந்திருக்கிறது. ஆனாலும் இன்சுலின் போடுபவர்கள், இரவில் வியர்த்து எழுபவர்கள், கெட்ட கனவும் தலைவலியுமாக விழிப்பவர்கள் ஓரிரு நாள் அதிகாலை 3 மணிக்கு ஒருமுறை அளந்து பார்த்துவிடுவது நல்லது. இரவில் தாழ்ந்து போகிறது என்றால் மருந்தின் அளவையே மாற்ற வேண்டியிருக்கும்.

சரி, இந்த விடியல் ஏற்றத்தின் மேல்தான் காலை உணவு வந்து உட்காருகிறது. ஆரோக்கியமான உடம்பில் குளுக்கோஸைச் சமாளிக்கும் திறன் காலையில்தான் நன்றாக இருக்கும், மாலை ஆக ஆகக் குறையும். டைப் 2 சர்க்கரை நோயில் பெரும்பாலும் இது தலைகீழாகிவிடுகிறது. நாளின் மிகப் பெரிய ஏற்றம் காலை உணவுக்குப் பிறகே வருகிறது. காரணங்கள் இரண்டு. உணவு உள்ளே போன சில நிமிடங்களிலேயே கணையம் கொட்ட வேண்டிய முதல் தவணை இன்சுலின் இந்த நோயில் மிகவும் குறைந்துவிடுகிறது. அதே நேரம், சாப்பாடு வந்துவிட்டது, இனி நிறுத்திக்கொள் என்ற செய்தி சரியாகப் போய்ச் சேராததால் கல்லீரல் தன் பங்குக்குக் குளுக்கோஸை விட்டுக்கொண்டே இருக்கிறது. வயிற்றிலிருந்தும் வருகிறது, கல்லீரலிலிருந்தும் வருகிறது. மதியம் சாப்பிடும்போது பெரிதாக எதுவும் செய்யாத அதே இரண்டு துண்டு ரொட்டி, காலையில் 60, 70 புள்ளி ஏற்றிவிடுவது இதனால்தான்.

ஆக, காலை நேரம் மாவுச்சத்தை (இனிப்புகளும் சேர்ந்த கார்போஹைட்ரேட்டை) தாங்கும் சக்தி உடம்பில் குறைவாக இருக்கும் நேரம். காலை உணவைப் பற்றி நான் சொல்ல வரும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது.

அப்படியென்றால் சாப்பிடாமலே இருந்துவிடலாமா?

தாங்காது என்றால் கொடுக்காமல் விட்டுவிடலாமே என்று தோன்றுவது இயல்புதான். 2015இல் இஸ்ரேலைச் சேர்ந்த டேனியலா யாகுபோவிச் குழுவினர் டைப் 2 சர்க்கரை நோய் உள்ள 22 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு நாள் மூன்று வேளையும் சாப்பிட வைத்தார்கள். இன்னொரு நாள் காலை உணவை மட்டும் நிறுத்தினார்கள். மதிய உணவும் இரவு உணவும் இரண்டு நாளும் ஒன்றேதான். காலை சாப்பிடாத நாளில் மதிய உணவுக்குப் பிந்தைய மூன்று மணி நேரச் சர்க்கரையின் மொத்த அளவு சுமார் 37 சதவீதமும், இரவு உணவுக்குப் பிந்தையது சுமார் 27 சதவீதமும் கூடுதலாக இருந்தது. சாப்பிட்டது அதே உணவு என்பதை மறக்க வேண்டாம்.

இது சின்ன ஆய்வு, அதுவும் ஒரு நாள் கணக்கு. ஆனால் இதன் பின்னால் உள்ள இயக்கம் 1920களிலிருந்தே தெரிந்த ஒன்று. இரண்டாவது முறை உள்ளே போகும் குளுக்கோஸை உடம்பு முதல் முறையைவிட நன்றாகக் கையாளும். முதல் வேளை உணவு கணையத்தை விழிக்க வைக்கிறது. அதோடு, நீண்ட பட்டினியில் ரத்தத்தில் கூடியிருக்கும் கொழுப்பு அமிலங்களைக் கீழே இறக்குகிறது. இந்தக் கொழுப்பு அமிலங்கள் கூடுதலாக இருக்கும்வரை தசைகள் இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை.

மருத்துவரோடு பேசி, மருந்தை மாற்றியமைத்து, நேரக் கட்டுப்பாட்டோடு உண்ணும் முறையைச் சிலர் கடைப்பிடிக்கிறார்கள். அவர்கள் கதை வேறு. நான் சொல்வது, காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு கிளம்பி, பதினோரு மணிக்குப் பசி தாங்காமல் கையில் கிடைத்த பிஸ்கட்டைத் தின்கிறவர்களைப் பற்றி.

முதல் வேளை அடுத்த வேளையையும் பாதிக்கும் என்பதில் நமக்கு நன்மையும் இருக்கிறது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் 1981இல், ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசெமிக் இண்டெக்ஸ் என்ற அளவுகோலை அறிமுகப்படுத்தியவர். அடுத்த ஆண்டே அவர் குழு இன்னொன்றையும் காட்டியது. காலையில் ரொட்டிக்குப் பதிலாக அதே அளவு மாவுச்சத்து தரும் பருப்பைச் சாப்பிட்டவர்களுக்கு, மதியம் சாப்பிட்ட ஒரே மாதிரியான உணவுக்கும் சர்க்கரை குறைவாகவே ஏறியது. அதாவது காலையில் தின்ற பருப்பின் பலன் மதியம் வரை நீண்டது. மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்து, நார்ச்சத்து, குடலில் அதை நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் என்று இதற்குப் பல காரணங்கள். பருப்பு, கொண்டைக்கடலை, பீன்ஸ் வகைகளைக் காலையில் சாப்பிடும் பழக்கம் இல்லாதவர்களும் ஒரு வாரம் முயன்று பார்க்கலாம் என்று நான் மனதாரச் சொல்வேன்.

பெயரைப் பார்க்காதீர்கள், உருவத்தைப் பாருங்கள்

1977இல் ஓர் எளிமையான சோதனை நடந்தது. ஒரே அளவு மாவுச்சத்துள்ள ஆப்பிளைப் பத்துப் பேருக்கு மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுதாக, கூழாக, சாறாக. சாறை, முழுப்பழத்தைத் தின்பதைவிடப் பதினொரு மடங்கு வேகமாகக் குடித்து முடிக்க முடிந்தது. முழுப்பழம் தின்றவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வு அதிகம். சாறு குடித்தபோது இன்சுலின் அதிகமாக ஏறியது, அதன் பிறகு சர்க்கரை சறுக்கி விழுந்தது. முழுப்பழத்தில் அந்தச் சறுக்கல் இல்லை. மூன்றும் ஆப்பிள்தான். நார்ச்சத்தின் கட்டமைப்பு குலைந்ததுதான் வேறுபாடு.

இதையே ஓட்ஸில் கண்ணால் பார்க்கலாம். இரண்டு கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உடனடி ஓட்ஸ், இன்னொன்றில் தானியத்தை இரண்டு மூன்று துண்டாக மட்டும் வெட்டிய கெட்டி ஓட்ஸ். இரண்டிலும் கொதிநீர் ஊற்றுங்கள். முதல் கிண்ணத்தில் இரண்டு நிமிடத்தில் செதில்கள் கரைந்து பசையாகிவிடும். கரண்டியைத் தூக்கினால் வழுக்கிக்கொண்டு இறங்கும். மெல்ல அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது. இரண்டாவது கிண்ணத்தில் தண்ணீர் தனியாக, தானியம் தனியாக நிற்கும். அதை அடுப்பில் இருபது நிமிடம், அரை மணி நேரம் வேகவைத்தாலும் பல்லுக்கடியில் ஒரு கடி இருக்கும். கிண்ணத்தில் நடந்ததுதான் வயிற்றிலும் நடக்கப் போகிறது. தானியத்தை ஆவியில் வேகவைத்து, நசுக்கி, மெலிதாக்கித் தரும்போது செரிமானத்தின் பாதி வேலையைத் தொழிற்சாலையே முடித்துவிடுகிறது.

எண்களும் இதையே சொல்கின்றன. தூய குளுக்கோஸை 100 என்று வைத்து மற்ற உணவுகளை ஒப்பிடும் கிளைசெமிக் இண்டெக்ஸில் 55 வரை தாழ்வு, 70க்கு மேல் உயர்வு. 2008இல் வெளியான சர்வதேச அட்டவணையின் சராசரிப்படி, சாதாரண ஓட்ஸ் கஞ்சி 55, உடனடி ஓட்ஸ் கஞ்சி 79. கார்ன்ஃபிளேக்ஸ் 81. வெள்ளை ரொட்டி 75. முழுக்கோதுமை ரொட்டி? 74. பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். பழுப்பு நிறத்தைப் பார்த்து நம்பி வாங்கி, கூடுதலாக ஒரு துண்டும் எடுத்துக்கொள்கிறோம். முழுக்கோதுமையில் நார்ச்சத்தும் தாதுக்களும் கூடுதல் என்பது உண்மை, நீண்டகால உடல்நலத்துக்கு அது நல்லதுதான். ஆனால் தானியத்தை மாவாக நன்கு அரைத்துவிட்ட பிறகு சாப்பிட்ட இரண்டு மணி நேரக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எந்தத் தானியமானாலும் இதே கதைதான். முழுமணியாகவோ உடைத்ததாகவோ இருக்கும்போது ஒரு மாதிரி, நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சும்போது வேறு மாதிரி. அதே அட்டவணையில் பருப்பு 32, கொண்டைக்கடலை 28, சிவப்பு பீன்ஸ் 24.

ஓட்ஸுக்கும் சர்க்கரை நோய்க்கும் நூற்றாண்டுக்கு மேற்பட்ட உறவு உண்டு. இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, 1900களின் தொடக்கத்தில், கார்ல் ஃபான் நூர்டன் என்ற ஜெர்மன் மருத்துவர் நோயாளிகளுக்குச் சில நாட்கள் ஓட்ஸை மட்டும் கொடுத்து வைத்தியம் செய்தார். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து தண்ணீரில் ஊறிப் பிசுபிசுப்பாகி, குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. ஆனாலும் ஓட்ஸில் பெரும்பங்கு மாவுச்சத்துதான். கிண்ணம் நிறைய எடுத்து, மேலே தேனும் உலர்திராட்சையும் போட்டுக்கொண்டால் பீட்டா குளுக்கானால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

கிளைசெமிக் இண்டெக்ஸையும் கண்மூடி நம்பக் கூடாது. அது ஒவ்வொரு உணவிலும் 50 கிராம் மாவுச்சத்து இருக்கும் அளவை எடுத்துக்கொண்டு ஒப்பிடுகிறது. தர்பூசணிக்கு 76. ஆனால் ஒரு சின்னக் கிண்ணம் தர்பூசணியில் பெரும்பகுதி தண்ணீர், மாவுச்சத்து 10 கிராம்கூடத் தேறாது. மறுபக்கம் ஆப்பிள் சாறுக்கு 41 என்று தாழ்வாகத்தான் போட்டிருக்கும், ஏனென்றால் அதன் இனிப்பில் பெரும்பகுதி ஃபிரக்டோஸ். அது நேராகக் கல்லீரலுக்குப் போவதால் மீட்டரில் உடனே தெரிவதில்லை, அவ்வளவுதான். அதற்காகச் சாறு நல்லதாகிவிடாது. தரமும் வேண்டும், அளவும் வேண்டும்.

ஒரு தட்டைக் கூட்டிப் பார்ப்போம்

அளவைப் பற்றிப் பேசினால் பலருக்கும் அலுப்பு வரும். ஆனால் ஒரே ஒருமுறை கூட்டிப் பார்த்தால் போதும், கண் திறந்துவிடும். முழுக்கோதுமை ரொட்டி இரண்டு துண்டு, ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் ஆரஞ்சு சாறு, பாலில் கலந்த ஒரு தேக்கரண்டி தேன். விளம்பரத்தில் பார்த்தால் இதைவிட ஆரோக்கியமான காலை உணவு இல்லை என்று தோன்றும். ரொட்டியில் சுமார் 26 கிராம் மாவுச்சத்து. வாழைப்பழம் 25. 200 மில்லி சாறு 20. பால் 10. தேன் 6. மொத்தம் 87 கிராம். காலையில் 30 முதல் 45 கிராமுக்குள் தொடங்கிப் பாருங்கள் என்று உணவியல் வல்லுநர்கள் பலருக்கும் சொல்லும் அளவைப் போல இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுவும் உடம்பு மிகக் குறைவாகத் தாங்கும் நேரத்தில். இத்தனைக்கும் இந்தத் தட்டில் ஒரு சிட்டிகை வெள்ளைச் சர்க்கரை இல்லை.

இதே தட்டை மாற்றுவோம். ரொட்டி ஒரு துண்டு. இரண்டு முட்டை, அல்லது முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஒரு கிண்ணம் வேகவைத்த கொண்டைக்கடலை. கைநிறையக் காய்கறி. சாறுக்குப் பதிலாக ஆரஞ்சையே உரித்துச் சுளைசுளையாக. பால் சர்க்கரை சேர்க்காமல், இல்லையென்றால் இனிப்பில்லாத கெட்டித் தயிர். முட்டையோடு என்றால் 35 கிராம் வரும். கொண்டைக்கடலை என்றால் கூடுதலாக வரும், ஆனால் அது மெதுவாக இறங்கும் மாவுச்சத்து. வயிறு காலியாக இல்லை, பதினோரு மணிப் பசியும் இல்லை.

முட்டையை நான் முன்னால் நிறுத்துவதற்குக் காரணம், ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது, மாவுச்சத்தோ ஒரு கிராம்கூட இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2019இல் வெளியிட்ட ஆய்வில், டைப் 2 சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒருநாள் ஓட்ஸும் பழமும், இன்னொரு நாள் ஆம்லெட்டும் காலை உணவாகக் கொடுத்தார்கள். மற்ற வேளைகளில் மாற்றமில்லை. ஆம்லெட் நாளில் காலை ஏற்றம் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. நாள் முழுக்கச் சர்க்கரை ஏறி இறங்கும் வீச்சும் குறைந்தது. அதற்காக வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் பதப்படுத்திய இறைச்சியுமாகத் தட்டை நிரப்பிவிடக் கூடாது. சர்க்கரை நோயில் இதயத்தையும் காக்க வேண்டியிருக்கிறது. கொட்டைகள், விதைகள், மீன், தயிர், பருப்பு என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவது நல்லது. சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால் புரதத்தின் அளவை மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எதைச் சாப்பிடுகிறோம் என்பதோடு எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பதும் கணக்கில் வருகிறது. 2015இல் நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 11 பேரிடம் செய்த சோதனை இது. ஒரே உணவு. ஒருநாள் ரொட்டியும் ஆரஞ்சு சாறும் முதலில், பதினைந்து நிமிடம் கழித்துக் காய்கறியும் கோழி இறைச்சியும். இன்னொரு நாள் வரிசை மாறியது. காய்கறியையும் இறைச்சியையும் முதலில் சாப்பிட்ட நாளில் ஒரு மணி நேரச் சர்க்கரை சுமார் 37 சதவீதம் குறைவு. காய்கறியும் புரதமும் முன்னால் போனால் வயிறு மெதுவாகக் காலியாகிறது, குடல் ஹார்மோன்கள் முன்கூட்டியே சுரந்து கணையத்துக்குச் சொல்லி வைக்கின்றன. காலை அவசரத்தில் பதினைந்து நிமிடம் காத்திருப்பது எல்லோராலும் முடியாது. முட்டையையும் காய்கறியையும் முடித்துவிட்டு ரொட்டியைத் தொடலாமே, அதற்குத் தனியாக நேரம் தேவையில்லை. பைசா செலவில்லாத இந்த ஒரு மாற்றத்தை எத்தனையோ பேர் முயன்றுகூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு ஆதங்கம்தான்.

காப்பி, தேநீரைப் பொறுத்தவரை சர்க்கரை சேர்க்காமல் குடிப்பதில் பெரிய தடை இல்லை. ஆனால் காஃபின் சிலருக்குத் தற்காலிகமாக இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். தூக்கம் கெட்ட மறுநாள் காலை, சாப்பிடும் முன் கடுங்காப்பி குடித்தால் ஆரோக்கியமானவர்களுக்கே சர்க்கரை கூடுதலாக ஏறியதை பாத் பல்கலைக்கழகத்தில் 2020இல் கண்டார்கள். முதலில் உணவு, அப்புறம் காப்பி என்று மாற்றிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. 'சர்க்கரை சேர்க்கப்படாதது' என்று அட்டையில் போட்ட பிஸ்கட், சத்துமாவு வகைகளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: பின்பக்கம் திருப்பி மொத்த மாவுச்சத்து எவ்வளவு என்று படியுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் அது ஏறக்குறைய குளுக்கோஸ் வேகத்திலேயே ஏறும்.

உங்கள் மீட்டர் சொல்வது

இவ்வளவும் பொதுவான கணக்கு. உங்கள் உடம்பின் கணக்கு வேறாக இருக்கலாம். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2015இல் சர்க்கரை நோய் இல்லாத 800 பேருக்கு சென்சார் பொருத்திப் பார்த்தபோது, ஒரே உணவுக்கு ஆளுக்கு ஆள் ஏற்றம் வெகுவாக மாறியது. ஒருவருக்கு ஏறாத உணவு இன்னொருவருக்கு ஏறியது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டுச் சரியாக இருக்கிறார் என்பது உங்களுக்கு ஆதாரம் ஆகாது.

சென்சார் வேண்டும் என்பதில்லை, சாதாரண மீட்டரே போதும். ஒரு சிறு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: சாப்பிடும் முன், என்ன சாப்பிட்டேன், முதல் வாய் எடுத்து இரண்டு மணி நேரம் கழித்து. முதல் மூன்று நாள் வழக்கமான உணவு. அடுத்த மூன்று நாள் ஒரே ஒரு மாற்றம், ஒன்றே ஒன்று. சாறை நிறுத்துவது, அல்லது உடனடி ஓட்ஸை கெட்டி ஓட்ஸாக்குவது, அல்லது முட்டையை முதலில் சாப்பிடுவது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை மட்டுமல்ல, இரண்டுக்கும் இடையிலான தூரத்தையும். 140இல் தொடங்கி 175இல் நின்றால் காலை உணவு தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது, சிக்கல் விடியல் ஏற்றத்தில். அதற்கு இரவு மருந்தையோ இரவு உணவின் நேரத்தையோ பார்க்க வேண்டும். 105இல் தொடங்கி 210 போனால் தட்டைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலான பெரியவர்களுக்கு அமெரிக்க நீரிழிவு சங்கம் சொல்லும் இலக்கு, உணவுக்கு முன் 80 முதல் 130, சாப்பிடத் தொடங்கி ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் 180க்குள். முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இலக்குகள் வேறு. உங்கள் மீட்டர் மில்லிமோல் கணக்கில் காட்டினால் 18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டதும் உட்கார்ந்துவிடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்த நாளையும் அந்த நோட்டில் குறித்துப் பாருங்கள். இயங்கும் தசை, இன்சுலினைப் பெரிதாக எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

மாத்திரையோடு மோதாமல்

ஒரு எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். காலை உணவில் மாவுச்சத்தைப் பாதியாகக் குறைப்பது, சிலருக்கு மருந்தின் அளவை மாற்றுவதற்குச் சமம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குத் தாழ்சர்க்கரை அபாயம் குறைவு. கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைச் சுரக்க வைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. உணவுக்கு முன் போடும் இன்சுலினும் அப்படித்தான். இவற்றை எடுப்பவர்கள் உணவை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் கீட்டோ அமிலத்தன்மை என்ற ஆபத்து வரலாம். அதில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே உடம்பு கெட்டுப்போகும், வாந்தியும் மூச்சுவாங்கலும்தான் காட்டிக்கொடுக்கும்.

கை நடுங்கி, வியர்த்து, சர்க்கரை 70க்குக் கீழே போய்விட்டால் அப்போது இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவும் பொருந்தாது. முழுப்பழமும் வேண்டாம், கொட்டையும் வேண்டாம், சாக்லேட்டும் வேண்டாம், கொழுப்பும் நாரும் தாமதப்படுத்தும். வேகமாக ஏறும் 15 கிராம் இனிப்பு வேண்டும்: அரை டம்ளருக்குச் சற்றுக் கூடுதலாகப் பழச்சாறு, அல்லது தண்ணீரில் கரைத்த மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. விழுங்க முடியாத நிலையில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவ உதவிக்கு அழைக்க வேண்டும். அகார்போஸ் அல்லது வோக்லிபோஸ் எடுப்பவராக இருந்தால் வீட்டில் குளுக்கோஸ் பொடியையே வைத்திருங்கள். சாதாரணச் சர்க்கரை குடலில் உடைவதை அந்த மாத்திரைகள் தடுப்பதால் அவசரத்துக்கு அது உதவாது.